குளியலறையை இரண்டு முறை உடைத்த பிறகு: வீட்டு வேலையை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

எங்கள் வீட்டுக் குளியலறையை 4 ஆண்டுகளுக்குள் இரண்டு முறை உடைத்தோம். முதல் முறை, பழைய டைல்ஸ் மங்கிப்போனதால். இரண்டாவது முறை, முதல் முறை செய்த வேலையால். புது டைல்ஸ் ஒட்டி ஏழெட்டு மாதம் ஆனதும் பக்கத்து அறைச் சுவரின் அடிப்பகுதி ஓதம் அடிக்க ஆரம்பித்தது. பெயின்ட் உப்பி, விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டோம். வந்தார், பார்த்தார், டைல்ஸ் இடுக்கில் வெள்ளை சிமென்ட் தேய்த்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் அதே ஓதம். அப்புறம் அவர் போனை எடுக்கவே இல்லை.

மறுபடி உடைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வாட்டர்ப்ரூஃபிங் பூச்சு போட்டிருந்தார், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தரையோடு நிறுத்திவிட்டார். தரையும் சுவரும் சேருகிற மூலையில் பூச்சு ஏறவே இல்லை. கழிவுநீர்க் குழாய் தரையைத் துளைத்து இறங்குகிற இடத்தைச் சுற்றி வெறும் கலவைதான் இருந்தது. குளியலறையில் தண்ணீர் கசிவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். மேலே ஒட்டியிருந்த டைல்ஸ் மட்டும் அவ்வளவு நேர்த்தி. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாலும் பிசகு சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு, வீட்டில் வேலை வைத்தவர்கள் யாரைப் பார்த்தாலும் விசாரிக்கும் பழக்கம் வந்துவிட்டது. யாரிடம் கொடுத்தீர்கள், எப்படிப் பேசினீர்கள், பணம் எப்போது கொடுத்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பேன். பதில் சொல்கிறவர்கள் எல்லாருமே முதலில் ஆளைப் பற்றித்தான் சொல்வார்கள். 'தங்கமான மனுஷன்' என்பார்கள், அல்லது 'சுத்த ஏமாத்துக்காரன்' என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறொன்று தெரியும். ஆளைவிட, அந்த வேலையை எந்த முறையில் பேசிக் கொடுத்தார்கள் என்பதுதான் பல இடங்களில் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

இதை நான் நம்பத் தொடங்கியது ஒரு பெயின்டரால். எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் பெயின்ட் அடித்தவர் ஒரே ஆள். எங்கள் வீட்டில் நாள் கூலி, பொருள் நாங்கள் வாங்கிக் கொடுத்தது. இரண்டு நாள் முழுக்கப் பழைய பெயின்டைச் சுரண்டினார். வெடிப்புகளை அடைத்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்தார். பிறகு ஒரு பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழுகிற மேடுகளையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு மறுபடி தேய்த்தார். அந்த வேலையைப் பார்த்துத்தான் அக்கா அவரைக் கூப்பிட்டாள். அவள் சதுர அடிக்கு இவ்வளவு என்று பொருளோடு சேர்த்துப் பேசிவிட்டாள். அங்கே சுரண்டலும் இல்லை, பிரைமரும் இல்லை. ஒரு வருடத்தில் சுவர் ஏடு ஏடாக உரிந்தது. அக்கா இன்றைக்கும் அவரைத் திட்டுகிறாள். அம்மா இன்றைக்கும் அவர் கைவேலையைப் புகழ்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

அதனால் 'நல்ல ஒப்பந்தக்காரரைக் கண்டுபிடிப்பது எப்படி' என்பதைவிட, 'இந்த வேலைக்கு எந்த முறை' என்ற கேள்வியை முதலில் கேட்கச் சொல்வேன். பொதுவாக நமக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: நாள் கூலிக்கு ஆள் வைப்பது, பொருளை நாம் வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் ஒப்பந்தமாகப் பேசுவது, பொருளோடு முழு ஒப்பந்தம் விடுவது, ஒரு நிறுவனத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டு முடிந்ததும் வாங்கிக்கொள்வது.

இவற்றில் எது என்று முடிவு செய்ய நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். வேலை முடிந்த பிறகு அது கண்ணுக்குத் தெரியுமா, இல்லை எதற்காவது அடியில் மறைந்துவிடுமா? டைல்ஸ் வரிசை, கதவு, அலமாரி, பெயின்டின் மேல் பூச்சு எல்லாம் தெரிகிற வேலைகள். பிசகினால் அன்றைக்கே தெரியும், பணம் கொடுக்குமுன் திருத்தச் சொல்லலாம். குழாய், வயர், வாட்டர்ப்ரூஃபிங், பெயின்டுக்கு முன் சுவரைத் தயார் செய்வது எல்லாம் மறைகிற வேலைகள். அவற்றில் வைத்த குறை வெளியே வர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பணமும் போயிருக்கும், ஆளும் போயிருப்பார். முதல் வகையில் தவறின் செலவு செய்தவர் தலையில் விழும். இரண்டாவது வகையில் நம் தலையில்.

நாள் கூலி

நாள் கூலி என்றதும் பலருக்கும் பயம். இழுத்தடிப்பார்கள், மூன்று நாள் வேலை பத்து நாள் ஆகும் என்பார்கள். பயத்தில் நியாயம் உண்டு. சீக்கிரம் முடிக்க அவர்களுக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. ஆனால் அவசரப்படவும் காரணம் இல்லை, அதுதான் இந்த முறையின் பலம். சுரண்ட வேண்டிய சுவரைச் சுரண்டினாலும் கூலி வரும், சுரண்டாவிட்டாலும் அதே கூலிதான் வரும் என்கிறபோது, கைவேலை தெரிந்தவர் சுரண்டத்தான் செய்வார். தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ள ஆசைப்படும் தொழிலாளியை நான் பார்த்ததில்லை.

எவ்வளவு வேலை இருக்கிறது என்று உடைத்துப் பார்க்காமல் தெரியாத இடங்களுக்கு இதுதான் சரி. ஒழுகுகிற கூரை, எங்கிருந்து கசிகிறது என்று தெரியாத குழாய், பழைய வீட்டின் வயரிங் போன்றவை. தண்ணீர் கூரையில் ஓரிடத்தில் புகுந்து, கான்கிரீட்டுக்குள் வழி பார்த்து ஓடி, வேறொரு மூலையில் சொட்டும். கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைத்து மொத்த விலை சொல்கிறவர், கறை தெரிகிற இடத்தைத்தான் பூசுவார். தேடுகிற வேலைக்கு விலை பேச முடியாது, நேரத்துக்குத்தான் கூலி கொடுக்க முடியும்.

இதில் நாம் கொடுக்கிற விலை, நம் நேரம். யார் முதலில், யார் அடுத்து என்று வரிசைப்படுத்தும் மேஸ்திரி வேலை நம்மிடம் வந்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் சுவரில் காடி வெட்டி பைப் பதித்த பிறகுதான் கொத்தனார் பூச வேண்டும். பிளம்பர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனையை முடித்த பிறகுதான் டைல்ஸ்காரர் கைவைக்க வேண்டும். ஒருவர் ஒருநாள் வராவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் அன்று வேலை இல்லை, கூலி மட்டும் உண்டு. வீட்டில் பொறுப்பான ஒருவர் பகலில் இருக்க முடியாதென்றால் நாள் கூலி முறை வேண்டாம். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

பொருள் நம்முடையது, கூலி ஒப்பந்தம்

சதுர அடிக்கு, அல்லது ஓர் இணைப்புக்கு இவ்வளவு என்று கூலி. பொருள் நம் கையால் வாங்குவது. டைல்ஸ், பெயின்ட், தரை வேலைகளுக்கு எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். சிமென்டில் மிச்சம் பிடிக்க வேண்டிய அவசியம் செய்கிறவருக்கு இல்லை, வயரில் ஒரு சைஸ் குறைத்துப்போட்டு லாபம் பார்க்க வழியும் இல்லை.

சண்டை வருவது அளவில். சன்னல், கதவுக்கான இடத்தைக் கழிப்பதா சேர்ப்பதா, தரையோரம் ஒட்டும் ஸ்கர்ட்டிங் சதுர அடியிலா ஓடும் அடியிலா, கூரைக்கும் சுவருக்கும் ஒரே விலையா, பழைய டைல்ஸை உடைத்து அள்ளுவது யார் கணக்கு? இந்த நான்கையும் முதல் நாளே காகிதத்தில் எழுதிவிட்டால் கடைசி நாள் மனக்கசப்பு பாதி குறையும். என் நண்பர் ஒருவர் வீட்டில் எல்லா வேலையும் அருமையாக முடிந்து, உடைத்த கற்களை யார் அள்ளுவது என்பதில் வாய்த்தகராறு ஆகி, இன்றுவரை அந்தக் கொத்தனாரோடு பேச்சில்லை. நல்ல கொத்தனாரை இழந்துவிட்டேன் என்று அவரே வருத்தப்படுகிறார்.

இன்னொன்று, சேதாரம். டைல்ஸ் நேராக ஒட்டினால் தேவையைவிட 10 சதவீதம் கூடுதலாக வாங்குவது வழக்கம், மூலைவாட்டில் ஒட்டினால் 15 சதவீதம் வரை வேண்டும். பொருள் நம்முடையது என்பதால் வெட்டுகிறவருக்குச் சிக்கனம் தோன்றாமல் போகலாம். எந்த மூலையிலிருந்து தொடங்குவது, வெட்டுத் துண்டுகள் எந்தப் பக்கம் வருவது என்று, ஒட்டுவதற்கு முன் தரையில் ஒரு வரிசை அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஆள் என்றால் நீங்கள் சொல்லாமலே செய்வார். பழி போடுவதும் இந்த முறையில் சுலபம்: 'கல்லு வளைஞ்சிருக்குங்க' என்று அவர் சொல்வார், ஒட்டியவர் சரியில்லை என்று கடைக்காரர் சொல்வார். பெட்டியைப் பிரித்ததும் இரண்டு டைல்ஸை முகத்தோடு முகம் வைத்து, இடைவெளி தெரிகிறதா என்று இருவருமாகப் பார்த்துவிடுவது நல்லது.

முழு ஒப்பந்தம்

பொருளோடு மொத்தமாகப் பேசிவிடுவதுதான் நம்மில் பலர் போகிற வழி. செலவு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தெரிகிறது, கடை கடையாக அலைய வேண்டாம். நாங்கள் முதல் முறை குளியலறையைக் கொடுத்ததும் இப்படித்தான். மூன்று பேரிடம் விலை கேட்டோம், குறைந்த விலைக்காரரிடம் கொடுத்தோம்.

எங்கே தப்பு செய்தோம் என்று பிறகு நிறைய யோசித்தேன். ஜார்ஜ் ஆகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். காரின் உண்மையான நிலை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் கொடுக்கத் துணிய மாட்டார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க மாட்டார். கடைசியில் சந்தையில் மட்டமான கார்களே மிஞ்சும். இந்தத் துறையில் செய்த பணிக்காக 2001-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. குளியலறை வாட்டர்ப்ரூஃபிங்கும் அந்தப் பழைய கார் மாதிரிதான். மூலை ஏற்றி இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, தண்ணீர் நிறுத்திச் சோதிக்கிறவருக்கு நாலைந்து நாள் கூடுதலாகும். அந்தக் கூலியைச் சேர்த்துத்தான் அவர் விலை சொல்ல முடியும். எங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியாததால் அவரை 'அதிக விலைக்காரர்' என்று ஒதுக்கினோம். நேர்மையான ஆளை நாங்களே வெளியே அனுப்பினோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

அவர் கொடுத்த விலைப்பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கம். உடைப்பது, அள்ளுவது, குழாய் மாற்றுவது, அழுத்தச் சோதனை, பூச்சு எத்தனை கோட், எந்த உயரம் வரை, எத்தனை நாள் தண்ணீர் நிறுத்துவது என்று வரி வரியாக. நாங்கள் தேர்ந்தெடுத்தவரின் பட்டியலில் ஒரே வரி: 'குளியலறை புதுப்பித்தல், மொத்தம்'. இரண்டையும் பக்கத்தில் வைத்து, அடியில் இருந்த எண்ணை மட்டும் ஒப்பிட்டோம். இப்போது யாராவது கேட்டால் சொல்கிறேன்: விரிவாக எழுதிக் கொடுத்தவரின் பட்டியலை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் இதே வரிகளுக்கு விலை கேளுங்கள். அப்போது விலைகள் ஆச்சரியப்படும் அளவுக்கு நெருங்கி வரும். நெருங்காத விலைக்குக் காரணம் கேளுங்கள்.

முழு ஒப்பந்தத்தில் இன்னொரு தலைவலி, 'இது நம்ம பேச்சுல இல்லீங்க' என்று தொடங்கும் கூடுதல் கணக்கு. இதில் நம் பங்கும் இருக்கிறது. குழாய் பதித்து முடித்த பிறகு வாஷ்பேசினை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னது நான்தான். அதற்கு அவர் கேட்ட கூடுதல் தொகையில் தவறில்லை. வாயால் பேசிக்கொண்டதால் பிறகு இருவருக்கும் கணக்கு வேறுவேறாக நினைவிருந்தது, அதுதான் தவறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன வேலை, எவ்வளவு, எத்தனை நாள் கூடும் என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, 'சரி' என்ற பதில் வந்த பிறகு வேலையைத் தொடங்கச் சொன்னால் போதும். பெரிய பத்திரமெல்லாம் தேவையில்லை.

தெரிகிற வேலைக்கு முழு ஒப்பந்தம் நல்ல முறைதான். கிரில், கதவு, சன்னல், ஃபால்ஸ் சீலிங் போன்றவற்றுக்கு நான் தயங்காமல் கொடுப்பேன். மறைகிற வேலைக்குக் கொடுப்பதென்றால், மூடுவதற்கு முன் என்னைக் கூப்பிட வேண்டும் என்ற ஒரு வரி இல்லாமல் கொடுக்கவே மாட்டேன்.

நிறுவனம்

படம் வரைந்து, கணினியில் வீட்டைச் சுற்றிக் காட்டி, உத்தரவாத அட்டை கொடுக்கும் நிறுவனங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொழிற்சாலையில் செய்து வந்து இங்கே பொருத்துகிற பொருளென்றால் இவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். தோழி ஒருத்தியின் சமையலறை அலமாரிகள் முழுவதும் மூன்றே நாளில் பொருத்தி முடிந்தன. கதவுகளுக்கு இடையே ஒரே அளவு இடைவெளி. ஐந்து ஆண்டுக்குப் பிறகும் ஒரு கீல்கூட இறங்கவில்லை. ஆனால் சிங்க்குக்கு அடியில் பழைய குழாய் கசிந்து அலமாரியின் அடிப்பலகை ஊறிப்போனபோது, 'பிளம்பிங் எங்க பொறுப்பில் வராது' என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. உத்தரவாதம் எதற்கு, பொருளுக்கா பொருத்திய வேலைக்கா என்று கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டும். வந்து பேசுகிறவர் ஒருவர், வேலை செய்கிறவர்கள் துணை ஒப்பந்தத்தில் வரும் வேறு ஆட்கள். அவர்களை மேற்பார்க்கப்போவது யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இந்த நான்கிலும் அடங்காத ஒன்று

சுவரை எடுப்பது, பால்கனியை நீட்டுவது, மேலே ஓர் அறை கட்டுவது. இந்த வேலைகளில் மேலே சொன்ன எந்த முறையும் தனியாகப் போதாது. என் நண்பர் கூடத்தைப் பெரிதாக்க ஒரு சுவரை எடுக்க நினைத்தார். வந்த மேஸ்திரி தட்டிப் பார்த்துவிட்டு 'வெறும் தடுப்புச் சுவர்தான், எடுத்துடலாம்' என்றார். மனம் கேட்காமல் நண்பர் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்தார். அவர் மேலே ஏறி, கூரை எந்தத் திசையில் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, உத்தரத்தின் ஒரு முனை அந்தச் சுவரின் மேல்தான் நிற்கிறது என்றார். மேஸ்திரி பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. பாரம் தாங்கும் சுவரா இல்லையா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. இங்கே மட்டும் செலவைப் பார்க்காதீர்கள். வேலையை எடுத்துச் செய்யப்போகிறவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத பொறியாளர் ஒருவர் வேண்டும்.

பெரிய வேலைகளுக்கும் இதே யோசனையைச் சின்ன அளவில் செய்யலாம். பொறியாளரை முழு மேற்பார்வைக்கு வைக்காமல், மூடுவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களுக்கு மட்டும் வந்து பார்க்கச் சொல்லலாம். கான்கிரீட் போடும் முன் கம்பியை, பூசும் முன் வயர் பைப்பை, டைல்ஸ் ஒட்டும் முன் வாட்டர்ப்ரூஃபிங்கை அவர் பார்த்துவிட்டால் போதும். நீங்களும் அன்றைக்குச் சுவரில் டேப்பை விரித்துவைத்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோவின் அருமை தெரியும்.

பணமும் நாளும்

முன்பணம் பற்றி எல்லாரும் எச்சரிப்பார்கள். ஏன் என்று சொல்வதில்லை. சித்தி மகனுக்கு அலமாரி செய்ய வந்த ஆசாரி பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு ஆறு வாரம் வரவில்லை. ஓடிப்போய்விட்டார் என்றே நினைத்தோம். கடைசியில் வந்தவர் உண்மையைச் சொன்னார். முந்தைய வீட்டுக்காரர் கடைசித் தவணையைத் தராமல் இழுத்திருக்கிறார். அங்கே பலகைக் கடைக்குத் தர வேண்டிய பாக்கிக்கு எங்கள் முன்பணம் போய்விட்டது. இப்போது எங்கள் பலகைக்கு அடுத்த வீட்டு முன்பணத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். சின்ன ஒப்பந்தக்காரர்கள் பலர் இந்தச் சங்கிலியில்தான் பிழைக்கிறார்கள். ஒரு கண்ணி அறுந்தால் எல்லா வீட்டிலும் வேலை நிற்கும்.

அதனால் முன்பணத்தை அவர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், முதல் கட்டப் பொருளுக்கான தொகையைக் கடையிலேயே கட்டிவிடுவது இருவருக்கும் நல்லது. மீதியைக் கட்டம் கட்டமாக, செய்து முடித்த வேலைக்குச் சற்றுப் பின்தங்கியே வரும்படி பிரியுங்கள். கடைசியாக 5 முதல் 10 சதவீதத்தை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசிவிடுங்கள். பெரிய கட்டுமானங்களில் இது எப்போதும் இருக்கிற நடைமுறைதான். ஆனால் ஒரு கட்டம் முடிந்துவிட்டால், அன்று சாயங்காலமே பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அவர் வார முடிவில் சித்தாள் முதல் கொத்தனார் வரை கூலி கொடுத்தாக வேண்டும். நாம் இழுத்தடித்தால், நாம்தான் அந்தச் சங்கிலியை அறுக்கிறோம்.

நாள் கணக்கில் ஏமாறாதவர்கள் குறைவு. டேனியல் கானமனும் ஏமஸ் ட்வர்ஸ்கியும் 1979-இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள், 'திட்டமிடல் பிழை' என்று. மனிதர்கள் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிடும்போது, எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்ற கற்பனையை வைத்துக் கணக்கிடுகிறார்களே தவிர, இதற்கு முன் செய்த வேலைகள் உண்மையில் எவ்வளவு இழுத்தன என்பதைப் பார்ப்பதில்லை. ஆகவே 'எத்தனை நாள்ல முடிப்பீங்க?' என்று கேட்காதீர்கள். 'கடைசியா செஞ்ச மூணு வீட்டுலயும் எத்தனை நாள் ஆச்சு?' என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும். அவசரப்படுத்தக் கூடாத நாட்களும் உண்டு. கான்கிரீட் 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலுவைத்தான் எட்டும், அதன் முழுக் கணக்கு 28 நாளுக்குத்தான். புதுப் பூச்சு நான்கு வாரமாவது காயாமல் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரம் பெயின்டைத் தள்ளிக்கொண்டு வரும். இந்த நாட்களில் ஆள் வராததைச் சோம்பல் என்று நினைக்க வேண்டாம்.

ஆளைப் பற்றி விசாரிக்கவே வேண்டாமா என்றால், கட்டாயம் விசாரிக்க வேண்டும். போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் மட்டும் போதாது. இரண்டு மழைக்காலம் பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் 'வேலை நல்லா செஞ்சாரா?' என்று கேட்பதைவிட, 'ஏதாவது கோளாறு வந்ததா, கூப்பிட்டதும் வந்தாரா?' என்று கேளுங்கள். கோளாறே வராத வீடு அபூர்வம். திரும்பி வந்து பார்த்த ஆளென்றால் கண்ணை மூடிக்கொண்டு விலை பேச ஆரம்பிக்கலாம்.

இரண்டாவது முறை நாங்கள் செய்தது

இந்த முறை வேலையை இரண்டாகப் பிரித்தோம். உடைப்பது முதல் வாட்டர்ப்ரூஃபிங் சோதனை முடியும்வரை நாள் கூலி, பொருள் எங்களுடையது. டைல்ஸ் ஒட்டுவது சதுர அடிக் கூலி. முன்பு ஒதுக்கிய அந்த 'அதிக விலைக்காரரை'யே தேடிப் போய்க் கூப்பிட்டோம். பழைய பட்டியலைக் காட்டினேன், சிரித்துக்கொண்டார். மொத்தக் கணக்கு பார்த்தால் அவர் முதலில் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது, நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் விடுப்பு எடுத்ததைச் சேர்க்காமல்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். குழாய்களைப் பதித்ததும் சுவரை மூடவில்லை. வாய்களை அடைத்து, கேஜ் பொருத்திய கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிவிட்டு, முள் நின்ற இடத்தைப் பேனாவால் கண்ணாடியில் கோடிட்டு வைத்தார். மறுநாள் காலையில் முள் அதே கோட்டில் நின்றது. பிறகுதான் பூசினார். மூலைகளைச் செங்கோணமாக விடாமல் கலவையால் வளைத்துவிட்டு, மேலே பூச்சை முழங்கால் உயரத்துக்கும், ஷவர் பக்கம் தலைக்கு மேலேயும் ஏற்றினார். முதல் கோட்டைக் குறுக்கே அடித்தால் இரண்டாவதை நெடுக்கே. தரை வாட்டம் மீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வைத்து, ஒரு குவளைத் தண்ணீரை நாலு மூலையிலும் ஊற்றி, எல்லாம் தண்ணீர் வெளியேறும் ட்ராப்பை நோக்கி ஓடுகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

பூச்சு காய்ந்ததும் ட்ராப்பைத் துணியால் இறுக அடைத்து, வாசலில் சின்னக் கரை கட்டி, நாலு விரல்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினார். தண்ணீர் அடங்கும்வரை காத்திருந்து, சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்தார்.

"தம்பி, நாளை மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இந்தக் கதவை யாரும் திறக்க வேணாம். அந்தப் பக்கத்துச் சுவரை மட்டும் காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை தொட்டுப் பாருங்க."

"இந்த ரெண்டு நாளைக்கும் உங்களுக்குக் கூலி போட்டுக்கட்டுமா அண்ணே?"

"தண்ணிதானே நிக்குது, நான் என்ன வேலை செய்றேன்? எனக்கு வேற வீடு இருக்கு."

இரண்டு நாளும் அம்மா மணிக்கொரு தரம் போய்ப் பக்கத்து அறைச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் அவர் வந்து கதவைத் திறந்தார். தண்ணீர் கோட்டுக்கு மயிரிழை கீழே இருந்தது. காற்றில் ஆவியாவதற்கு அவ்வளவு போகும் என்றார். அடைத்திருந்த துணியை உருவினார். தண்ணீர் சுழித்து இறங்கி முடியும்வரை நின்று பார்த்துவிட்டு, டைல்ஸ்காரரைப் போனில் கூப்பிட்டார்.